மீன்தொட்டியில் ஜாவா மாஸ்: ஒரே ஒரு பாக்கெட் வாங்கி, அதிலிருந்தே பெருக்குவது எப்படி?

மேசை ஓரத்தில் ஓர் அடி நீளக் கண்ணாடித் தொட்டி, நாலைந்து குட்டி இறால், கல்லின் மேல் பச்சைப் பஞ்சு போல ஏதோ ஒன்று. இந்த மாதிரி படத்தைப் பார்த்துவிட்டு நீங்களும் ஒரு தொட்டி வாங்கியிருந்தால், அந்தப் பச்சைப் பஞ்சு பெரும்பாலும் ஜாவா மாஸ்தான். "யார் வேணும்னாலும் வளர்க்கலாம் சார், சாகவே சாகாது" என்று சொல்லித்தான் கடையில் விற்பார்கள். அது பாதி உண்மை. அவ்வளவு சுலபத்தில் சாகாது, சரி. ஆனால் மூன்றே மாதத்தில் பழுப்பேறி, நூல் நூலாகப் பாசி சுற்றி, பார்க்கவே பிடிக்காத நிலைக்குப் போய்விடும். அதைத் தூக்கிப் போட்டுவிட்டு இன்னொரு பாக்கெட் வாங்குவீர்கள். அந்த இரண்டாவது பாக்கெட் தேவையே இல்லை. ஏன் என்று பார்க்கலாம்.

மாஸ் வேறு, பாசி வேறு

முதலில் சொல் குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். தமிழில் கிணற்றுப் படியில் வழுக்குவதும் பாசி, மழைக்காலத்தில் மதில் சுவரில் படர்வதும் பாசி, தொட்டிக் கண்ணாடியில் படிவதும் பாசி. தாவரவியலில் இவை ஒன்றல்ல. கண்ணாடியில் படிவது ஆல்கா. தண்டு, இலை என்ற பிரிவே அதற்குக் கிடையாது. மதில் சுவரில் மெத்தை மாதிரி இருப்பது மாஸ், பிரையோஃபைட்டு வகை. சிறிய தண்டும் இலையும் உண்டு. இந்தக் கட்டுரை முழுக்க 'பாசி' என்றால் ஆல்கா, 'மாஸ்' என்றால் மாஸ். (ஹீரோ என்ட்ரிக்கு விசில் அடிக்கும் மாஸ் வேறு கணக்கு.)

ஆங்கிலமும் இதில் ரொம்ப ஒழுங்கு என்று நினைக்க வேண்டாம். 'மாஸ் பால்' என்ற பெயரில் விற்கப்படும் பச்சை உருண்டையான மரிமோ ஓர் ஆல்கா. 'ஸ்பானிஷ் மாஸ்' அன்னாசிக் குடும்பத்துப் பூக்கும் செடி. 'ஐரிஷ் மாஸ்' கடல்பாசி. லேபிளில் மாஸ் என்று இருந்தால் அது மாஸ்தான் என்று எடுத்துக்கொள்ள முடியாது.

ஜாவா மாஸுக்கே பெயர்ச் சிக்கல் உண்டு. தென்கிழக்கு ஆசியாவைச் சேர்ந்த இதன் அறிவியல் பெயர் டாக்ஸிஃபில்லம் பார்பியேரி. மீன் வளர்ப்புப் புத்தகங்களில் நீண்ட காலம் இதை வெசிகுலேரியா டுபியானா என்றுதான் எழுதிவந்தார்கள். அது வேறொரு மாஸின் பெயர். இன்று அதைச் சிங்கப்பூர் மாஸ் என்கிறார்கள். சிங்கப்பூரில் பணியாற்றிய மாஸ் ஆய்வாளர் பெனிட்டோ டான், மீன்தொட்டி மாஸ்கள் எது எது என்று பிரித்துச் சொன்னவர்களில் முக்கியமானவர். இலையின் செல் அமைப்பை நுண்ணோக்கியில் பார்த்தால்தான் பல இனங்களை உறுதியாகப் பிரிக்க முடியும். எனவே 'கிறிஸ்துமஸ்', 'ஃபிளேம்', 'வீப்பிங்' என்று பெயருக்குப் பெயர் விலை ஏறும் பாக்கெட்டுகளைக் கொஞ்சம் சந்தேகத்தோடே பாருங்கள். முதல் முறை வளர்க்கிறீர்களா? சாதாரண ஜாவா மாஸ் போதும். அதுதான் நம் ஊர்த் தண்ணீரையும் வெயிலையும் அதிகம் தாங்கும்.

வேர் இல்லாத செடி

இந்த ஒரு விஷயம் புரிந்தால் மிச்சம் எல்லாம் தானாகப் புரியும். மாஸுக்கு வேர் கிடையாது. அடியில் தெரியும் பழுப்பு நிற மயிர் போன்ற இழைகள் கல்லையோ கட்டையையோ பிடித்துக்கொள்ள மட்டும்தான். மற்ற செடிகளுக்கு இருப்பது போல நீரை மேலே ஏற்றும் குழாய் அமைப்பும் இல்லை. இலையின் கனம் ஒரே ஒரு செல். தேவையான எல்லாவற்றையும் மாஸ் அந்த மெல்லிய இலை வழியாக நேரடியாகத் தண்ணீரிலிருந்து எடுத்துக்கொள்கிறது.

இதனால் மூன்று விளைவுகள். மண்ணுக்கு அடியில் புதைக்கும் உர மாத்திரை இதற்குச் சுத்தமாகப் பயன்படாது. கடைக்காரர் சேர்த்து விற்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். தண்ணீரில் நல்லது கலந்தாலும் கெட்டது கலந்தாலும் முதலில் அடி வாங்குவது மாஸ்தான். மூன்றாவதுதான் நமக்கு லாபமானது. வேரை நம்பி வாழாத செடி என்பதால், எங்கே வெட்டினாலும் அந்தத் துண்டு தனிச் செடியாக வளரும். தொட்டிக்குள் ஜாவா மாஸ் வித்து உண்டாக்கிப் பெருகுவது மிக அரிது. கடைகளில் நீங்கள் பார்க்கும் மாஸ் எல்லாம் யாரோ எங்கோ வெட்டி வெட்டிப் பெருக்கியதுதான். அதையே நீங்களும் செய்யலாம்.

ஒரு சின்னக் கணக்கு. 5 செ.மீ. நீளம், 5 செ.மீ. அகலம், அதாவது 25 சதுர செ.மீ. மாஸோடு தொடங்குகிறீர்கள். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாகிறது என்று வைத்துக்கொள்வோம். ஆறு மாதத்தில் 200 சதுர செ.மீ.; உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான். பன்னிரண்டு மாதத்தில் 1,600 சதுர செ.மீ. இரண்டடி நீளத் தொட்டியின் தரைப் பரப்பே 1,800 சதுர செ.மீ. தான். அதாவது முதல் பாதியில் வளர்ந்தது 175, இரண்டாம் பாதியில் 1,400. நிஜத் தொட்டியில் வேகம் கூடும், குறையும். ஆனால் கோட்டின் வடிவம் இதுதான். பெரும்பாலானவர்கள் கைவிடுவது முதல் இரண்டு, மூன்று மாதங்களில், அந்தக் கோடு தரையோடு ஊர்ந்துகொண்டிருக்கும்போது.

வாங்கும்போது கவனிக்க

சென்னை கொளத்தூர், கொல்கத்தா காலிஃப் தெரு, மும்பை கிராஃபோர்ட் மார்க்கெட் என்று பெரிய ஊர்களில் மீன்தொட்டிச் சந்தைகள் இருக்கின்றன. நேரில் போக முடிந்தால் போங்கள். நுனி வெளிர்பச்சையாக இருக்கிறதா என்று பாருங்கள். அடர்பச்சையாக இருப்பது பழைய வளர்ச்சி, அது தவறில்லை. ஆனால் எங்குமே வெளிர் நுனி இல்லை என்றால் அது வளராமல் நின்றிருக்கிறது. கையில் எடுத்தால் தனித்தனியாகப் பிரிய வேண்டும். வழவழவென்று இழை இழையாகக் கூடவே வந்தால் உள்ளே பாசி இருக்கிறது. அதை இலவசமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். மாஸுக்குள் பின்னிய இழைப்பாசியை முழுதாகப் பிரித்தெடுப்பது நடக்காத காரியம்.

கூடவே வரும் விருந்தாளிகளையும் மறக்கக் கூடாது. நத்தை முட்டை, ஊசித்தட்டானின் இளம்புழு எல்லாம் மாஸுக்குள் ஒளிந்து வரும். ஊசித்தட்டான் புழு உங்கள் இறால் குஞ்சுகளை ஒவ்வொன்றாகத் தின்றுவிடும். 2021 மார்ச்சில் அமெரிக்காவில், கடைகளில் விற்ற மரிமோ உருண்டைகளுக்குள் சீப்ரா மஸ்ஸல் என்ற ஊடுருவும் சிப்பி இருந்தது தெரியவந்து, நாடு முழுக்க அவற்றைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. அழகுக்காக வாங்கிய பச்சை உருண்டை, ஆறுகளையும் குடிநீர்க் குழாய்களையும் அடைக்கும் சிப்பியைச் சுமந்துகொண்டு ஊர் ஊராகப் போயிருக்கிறது.

அதனால் புது மாஸை நேராகத் தொட்டியில் போடாதீர்கள். ஒரு வாளித் தண்ணீரில் நன்றாக அலசி, வெள்ளைப் பிளாஸ்டிக் டப்பாவில் இரண்டு வாரம் தனியாக வையுங்கள். வெள்ளை நிறத்தில் ஊர்வது எல்லாம் கண்ணுக்குத் தெரியும். டப்பாவுக்கு மூடி கட்டாயம். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கும் கொசுவாக 7 முதல் 10 நாள் போதும். திறந்து வைத்த டப்பா அதற்குத் தோதான இடம். பால்கனியில் தொட்டி வைத்து மாஸ் வளர்ப்பவர்களுக்கும் இதே எச்சரிக்கை. நாலு கப்பி மீனை விட்டுவிட்டால் அந்தப் பிரச்சினை முடிந்தது.

மலையிலிருந்து கொண்டுவரலாமா?

கொடைக்கானல், மூணாறு, கூர்க் போகும்போது மரத்தில் தழைத்திருக்கும் மாஸைப் பார்த்துக் கை அரிக்கத்தான் செய்யும். வேண்டாம். சரணாலயங்களிலும் தேசியப் பூங்காக்களிலும் அனுமதியின்றித் தாவரங்களை எடுப்பதை 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் தடை செய்கிறது. சட்டத்தை விடுங்கள், பலனும் இல்லை. மரத்திலும் பாறையிலும் வளரும் மாஸ் காற்றில் ஈரம் குடித்து வாழ்வது. 27 டிகிரித் தண்ணீருக்குள் மூழ்கடித்தால் பெரும்பாலும் சில வாரங்களில் அழுகும். காட்டு மாஸைப் பார்க்க ஆசை என்றால் நைனிதால் அருகே குர்பாதாலில் உத்தராகண்ட் வனத்துறை 2020-ல் திறந்த மாஸ் தோட்டத்துக்குப் போய்வரலாம்.

எப்படிக் கட்டுவது?

எல்லோரும் செய்யும் தப்பு ஒன்றுதான்: கனமாக வைப்பது. வாங்கிய மாஸை அப்படியே கொத்தாகக் கல்லில் கட்டினால் அன்று அழகாக இருக்கும். ஆறு வாரத்தில் அடியில் இருப்பது வெளிச்சமில்லாமல் பழுப்பாகி, பிடிப்பு விட்டு, மொத்தக் கொத்தும் கழன்று மிதக்கும். அடியில் இருக்கும் கல் லேசாகத் தெரியும் அளவுக்கு மெல்லிய ஒரே அடுக்காகப் பரப்புங்கள். கத்தரிக்கோலால் ஒன்றிரண்டு செ.மீ. துண்டுகளாக நறுக்கிவிட்டுப் பரப்பினால் இன்னும் நல்லது. ஒவ்வொரு வெட்டுக்குப் பின்னும் பக்கக் கிளை வரும்.

கட்டுவதற்குப் பருத்தி நூல் வேண்டாம் என்பது என் கட்சி. இணையத்தில் பெரும்பாலும் அதைத்தான் சொல்வார்கள், தானே மக்கிவிடும் என்று. சிக்கலே அதுதான். ஜாவா மாஸ் மெதுவாகத்தான் பிடிக்கும்; அது பிடிப்பதற்குள் நூல் மக்கிவிடும். அடர்பச்சை பாலியஸ்டர் தையல் நூல் அல்லது மெல்லிய தூண்டில் நரம்பு எடுத்துக்கொள்ளுங்கள். மாஸ் வளர்ந்ததும் நூல் தெரியாது.

பசை போட்டும் ஒட்டலாம். உடனே ஒட்டும் சயனோஅக்ரிலேட் பசை, ஜெல் வடிவில் இருந்தால் வசதி. கல்லில் அங்கங்கே கடுகளவு புள்ளி வைத்து, ஈரம் ஒற்றிய மாஸை அழுத்தினால் சில நொடிகளில் பிடிக்கும். பசை பட்ட இலை செத்துவிடும், அதனால்தான் கடுகளவு.

சுவர் மாதிரி வேண்டும் என்றால் வலை. இரண்டு வலைத் துண்டுகளுக்கு நடுவில் மெல்லியதாக மாஸைப் பரப்பி, நான்கு ஓரங்களையும் கட்டிவிட வேண்டும். சில வாரங்களில் நுனிகள் ஓட்டை வழியாக வெளியே வரும். ஹார்டுவேர் கடையில் ஜன்னலுக்கு விற்கும் கொசுவலை மலிவு. ஆனால் ஜிஐ வலை வாங்கிவிடாதீர்கள். அதில் துத்தநாகப் பூச்சு இருக்கும், தண்ணீரில் கரைந்து இறாலைக் கொல்லும். எஸ்எஸ் 304 என்று கேட்டு வாங்குங்கள், இல்லையென்றால் பிளாஸ்டிக் வலை போதும். பாதித் தேங்காய்ச் சிரட்டையைக் கவிழ்த்து அதன் மேல் கட்டுவதும் அருமையான வழி. சொரசொரப்பில் மாஸ் நன்றாகப் பிடிக்கும், அடியில் மீன் ஒளிந்துகொள்ளும். சிரட்டையை முதலில் கொதிக்க வைத்து, சாயம் இறங்கியபின் போடுங்கள்.

மாஸை மோரில் அடித்துப் பூசினால் தழைக்கும் என்று ஒரு வீடியோ சுற்றிக்கொண்டே இருக்கிறது. பூஞ்சைதான் தழைக்கும்.

வெயில்தான் பெரிய எதிரி

ஜாவா மாஸுக்குப் பிடித்தது 20 முதல் 26 டிகிரி செல்சியஸ். 28 வரை பிரச்சினை இல்லை. 30-ஐத் தாண்டினால் வளர்ச்சி தளரும், பாசி முந்தும். பெங்களூருவில் இருப்பவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிப் போகலாம். மற்றவர்களுக்கு ஏப்ரல், மே, ஜூன் சோதனைக் காலம்.

குளிரூட்டும் கருவி விலை அதிகம். ஒரு சின்ன மின்விசிறியை நீர்ப்பரப்பின் மேல் வீசவிட்டால் ஆவியாதல் மூலம் இரண்டு, மூன்று டிகிரி குறையும். 30 லிட்டர் தண்ணீரை 2 டிகிரி குளிர்விக்க, கணக்குப்படி சுமார் 100 மில்லி ஆவியானால் போதும். ஆனால் அறை திரும்பத் திரும்பச் சூடேற்றிக்கொண்டே இருக்கும் என்பதால் நடைமுறையில் அதைப்போலப் பல மடங்கு ஆவியாகும். இதில் ஊருக்கு ஊர் வித்தியாசம் உண்டு. டெல்லி, நாக்பூர், ஹைதராபாத்தின் வறண்ட கோடையில் விசிறி பிரமாதமாக வேலை செய்யும். சென்னையிலும் மும்பையிலும் காற்றிலேயே ஈரம் நிறைந்திருப்பதால் பாதிப் பலன்தான் கிடைக்கும். அங்கே தொட்டியின் இடத்தை மாற்றுவதே நல்ல வைத்தியம்: மேற்குச் சுவர் வேண்டாம், மேல்மாடி அறை வேண்டாம், ஜன்னல் ஓரம் வேண்டவே வேண்டாம். ஐஸ் கட்டி போடும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். வெப்பம் ஏறி இறங்குவது மீனுக்குத்தான் ஆபத்து.

ஆவியாகும்போது தண்ணீர் மட்டும்தான் போகும், உப்பு தொட்டியிலேயே தங்கும். அதனால் குறைந்த அளவை நிரப்ப ஆர்ஓ தண்ணீரைப் பயன்படுத்துங்கள். ஆர்ஓ கருவியிலிருந்து வெளியேறும் கழிவுநீரை "வீணாகுதே" என்று தொட்டியில் ஊற்றாதீர்கள். குழாய்த் தண்ணீரில் இருந்த உப்பின் பெரும்பகுதி அதில்தான் இருக்கிறது.

மற்றபடி ஜாவா மாஸ் கடின நீரைத் தாங்கும். போர்வெல் தண்ணீர் என்று கவலை வேண்டாம். மாநகராட்சித் தண்ணீர் என்றால் குளோரின் இருக்கும். ஒரு நாள் திறந்து வைத்தோ, கடையில் கிடைக்கும் ஆன்டி குளோரின் சொட்டு விட்டோ ஊற்றுங்கள்.

விளக்கு, உரம், மருந்து

விளக்கு ஒரு நாளைக்கு ஆறு, ஏழு மணி நேரம். டைமர் பிளக் ஒன்று வாங்கிப் போட்டுவிடுங்கள், ஆபீஸில் லேட் ஆனாலும் விளக்கு தானாக அணையும். ஜாவா மாஸ் குறைந்த வெளிச்சத்திலேயே வளர்வது. வெளிச்சத்தைக் கூட்டினால் வேகமாக வளரும் என்று நினைத்துப் பத்து மணி நேரம் விட்டால், வேகமாக வளர்வது பாசி. தொட்டியில் மீன் இருந்தால் அதன் கழிவே பெரும்பாலும் உரம். இறால் மட்டும் இருந்தால், பாட்டிலில் சொன்னதில் கால்வாசி திரவ உரம் வாரம் ஒருமுறை போதும்.

மருந்து விஷயத்தில்தான் பலர் மாஸைப் பறிகொடுக்கிறார்கள். பாசியைக் கொல்லும் மருந்துகள் பலவற்றில் செம்பு இருக்கும். நம் மயில்துத்தம் அதில் ஒன்று. ஒரு செல் கனமுள்ள இலைக்கு அது நேரடி விஷம், இறாலுக்கும் நத்தைக்கும் கூடத்தான். 'லிக்விட் கார்பன்' என்று விற்கும் பல பாட்டில்களில் இருப்பது குளூட்டரால்டிஹைடு, மருத்துவமனைக் கருவிகளைச் சுத்தப்படுத்தும் அதே ரசாயனம். அளவு கொஞ்சம் தவறினாலும் மாஸ் வெளுத்துப்போகும். பாட்டிலின் பின்பக்கத்தைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

பாசி வந்துவிட்டால் முதலில் விளக்கை ஐந்து மணி நேரமாகக் குறையுங்கள். பழைய டூத் பிரஷை மாஸுக்குள் விட்டு, நூடுல்ஸ் சுற்றுவது போலச் சுற்றி இழையை எடுங்கள். செர்ரி இறால்கள் மாஸில் படியும் மெல்லிய படலத்தை நாள் முழுக்க மேய்ந்துகொண்டே இருக்கும், ஆனால் நீளமான இழைகளை அவை ஒன்றும் செய்யாது. கருந்தாடி போலக் கொத்தாக வரும் பாசி பிடித்தால் போராட வேண்டாம். சுத்தமான நுனிகளை மட்டும் இரண்டு செ.மீ. வெட்டி எடுத்து, அதிலிருந்து புதிதாகத் தொடங்குங்கள். மிச்சத்தைத் தூக்கிப் போடுங்கள்.

வெட்டு, அப்போதுதான் வளரும்

கட்டி வைத்த முதல் மூன்று, நான்கு வாரம் ஒன்றுமே நடக்காதது போலத் தெரியும். அதற்கு முன் எடுத்துப் பார்ப்பதும், இடம் மாற்றுவதும் வேண்டாம். பிறகு வெளிர்பச்சை நுனிகள் தெரியும். இரண்டு செ.மீ. உயரம் வந்ததும் மூன்றில் ஒரு பங்கை வெட்டுங்கள். மனசு வராது, ஆனாலும் வெட்டுங்கள். வெட்டாத மாஸ் உயரமாக, ஒல்லியாக, அடிப்பக்கம் மொட்டையாகப் போகும்.

வெட்டும் முன் வடிகட்டியை நிறுத்திவிடுங்கள், குழாய் வைத்துத் துணுக்குகளை உறிஞ்சியபடியே வெட்டுங்கள். இல்லையென்றால் அடுத்த மாதம் மணலில், வடிகட்டியின் பஞ்சில், மற்ற செடிகளின் இலையில், எங்கு பார்த்தாலும் மாஸ் முளைத்திருக்கும். உறிஞ்சிய தண்ணீரை ஒரு டீ வடிகட்டி வழியாக ஊற்றினால், அதில் தங்குவதுதான் உங்கள் அடுத்த கல்லுக்கான விதை.

ஒரு வருடத்தில் வேண்டியதற்கு மேல் சேர்ந்துவிடும். அதை ஏரியிலோ, மழைநீர்க் கால்வாயிலோ கொட்டாதீர்கள். ஆகாயத்தாமரையும், கேரளத்தின் காயல்களை மூடிய சால்வினியாவும் தென் அமெரிக்காவிலிருந்து வந்த செடிகள்தான். ஜாவா மாஸ் அவ்வளவு தூரம் போகாமல் இருக்கலாம். அதற்குள் ஒளிந்திருக்கும் நத்தையைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது. மொட்டை மாடி வெயிலில் சில நாள் மொறுமொறுவென்று காயவைத்து, பூந்தொட்டி மண்ணில் கலந்துவிடுங்கள்.

நண்பருக்கு அனுப்புவதாக இருந்தால் தண்ணீர் தேவையில்லை. பாசியும் நத்தையும் இல்லாததாகப் பார்த்து எடுத்து, ஈர டிஷ்யூவில் சுற்றி, ஜிப் லாக் கவரில் கொஞ்சம் காற்றோடு மூடினால் மூன்று, நான்கு நாள் பயணத்தைத் தாங்கும். கோடையில் மட்டும் கூரியரில் அனுப்ப வேண்டாம். மூடிய வேனுக்குள் அது வெந்துவிடும். ஊருக்குப் போகிற யாரிடமாவது இரவுப் பேருந்தில் கொடுத்தனுப்புங்கள்.